ஆற்றின் மண்ணும் ஆறில்லா மணலும்: பாக்கு நீரிணையின் இரு கரைகளில் ஒரு பழைய கேள்வி

பருத்தித்துறை முனையிலிருந்து வடமேற்கே ஒரு கோடு இழுத்தால், அது சுமார் 64 கிலோமீற்றர் கடலைக் கடந்து கோடிக்கரையில் முட்டும். கோடிக்கரை காவிரிக் கழிமுகத்தின் தென்கிழக்கு மூலை. திருச்சிக்குக் கீழே கொள்ளிடம், வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று பிரிந்து விரியும் ஆற்றுச் சமவெளி அங்கே வந்து முடிகிறது. இந்தப் பக்கம் பருத்தித்துறையில் ஆறே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் ஆறு என்று சொல்லத்தக்கது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். தொண்டைமானாறும் உப்பாறும் பெயரில் ஆறுகளே தவிர, கடலோடு கலந்த நீரேரிகள்.

ஆனாலும் பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று சுண்டிக்குளம் வரை நீளும் கரை முழுவதும் மணலால் எழுந்த நிலம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நீரேரி; நடுவே ஒடுங்கிய நிலப்பட்டி. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அதனால் கடலுக்குள் நிலம் வளர்கிறது என்பதுதான் கழிமுகம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் விடை. அந்த விடை போதுமென்றால், ஆறு இல்லாத இந்த வடமராட்சி கிழக்குக் கரையில் நிலத்தைக் கட்டியது எது? உலகின் மிகப் பெரிய ஆறுகளில் சில கழிமுகம் எதையும் கட்டாமல் கடலில் கலப்பது ஏன்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆற்றுவாய்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, அவற்றில் ஏறத்தாழ 40 வீதமானவற்றில்தான் கழிமுகம் இருப்பதாகக் கண்டது. ஆகவே ஆறு மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன.

மண்ணைக் கணக்கிட்டவர்கள்

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளில் ஒன்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் உடையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பார்த்த அவர், கீழ் எகிப்து முழுவதும் ஒரு காலத்தில் கடற்குடாவாக இருந்தது, நைல் அதை நிரப்பியது என்று எழுதினார். அதோடு நிற்காமல், நைலைச் செங்கடலுக்குள் திருப்பிவிட்டால் 20,000 ஆண்டுகளில், ஒருவேளை அதிற் பாதிக் காலத்திலேயே, அந்தக் கடலும் தூர்ந்துவிடும் என்றும் மதிப்பிட்டார். மண்ணின் வரவை வைத்துக் காலத்தைக் கணிக்கும் முறை அங்கே தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் சார்ள்ஸ் லையெல் மிசிசிப்பியில் அதே கணக்கைப் போட்டார். கழிமுகத்தில் படிந்துள்ள மண்ணின் பருமனை, ஆறு ஆண்டுதோறும் கொண்டுவரும் மண்ணின் அளவால் வகுத்தார். கிடைத்த விடை சுமார் 67,000 ஆண்டுகள். இன்று கடலோரத்தில் தெரியும் மிசிசிப்பிக் கழிமுகத்துக்கு ஏறத்தாழ 7,500 ஆண்டு வயதுதான் என்று காலக்கணிப்பு காட்டுகிறது. வகுத்தலில் பிழையில்லை. ஆற்றின் வரவு என்றும் ஒரே அளவு, கடல்மட்டம் அசையாதது, படிந்த மண் படிந்த இடத்திலேயே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதே கணக்கைக் கவிழ்த்தது. இந்தப் பிழை கோடிக்கரையில் மறுபடியும் எதிர்ப்படும்.

ஆற்றுவாயில் நடப்பது

கழிமுகத்தின் உள்ளமைப்பை முதலில் தெளிவாக விளக்கியவர் அமெரிக்கரான குரோவ் கார்ல் கில்பேர்ட். வற்றிப்போன பொன்வில் ஏரியின் பழைய கரைகளை ஆராய்ந்து 1885இல் அவர் ஒரு மாதிரியை முன்வைத்தார். அடியில் நுண்மண்ணின் கிடைப் படுகை, அதன்மேல் கடலை நோக்கிச் சரிந்திறங்கும் பருமணற் படுகை, எல்லாவற்றுக்கும் மேலே மறுபடி கிடைப் படுகை. ஆறு முன்னேற முன்னேற இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பாறைகளில் புதைந்த பழங்காலக் கழிமுகங்களை அடையாளம் காண இது பெரிதும் உதவியது. 1912இல் ஜோசப் பாரெல் இதைத் தொடர்ந்து விரிவாக்கினார்.

ஆனால் பரலும் பருமணலும் கொண்ட மலையாறு ஆழமான நன்னீர் ஏரியில் விழும் இடத்துக்கே இந்த மாதிரி நன்றாகப் பொருந்துகிறது. தஞ்சைச் சமவெளி போல மெல்லச் சரிந்து ஆழமற்ற உப்புக்கடலில் இறங்கும் நிலத்தில் அந்தச் செங்குத்தான சரிவைக் காண முடியாது. 1953இல் சார்ள்ஸ் பேற்ஸ் அதற்கு ஒரு காரணம் சொன்னார். ஆற்றுநீர் கடலுக்குள் பாயும் தாரை எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரு நீர்களின் அடர்த்தி வேறுபாடு தீர்மானிக்கிறது. உப்புநீரைவிட இலேசான ஆற்றுநீர் மேலே மிதந்து வெகுதூரம் பரவுவதால் நுண்மண் கரையை விட்டு விலகிப் படிகிறது. ஏரியில் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் மண் வாயிலேயே விழுந்துவிடுகிறது. இயற்பியலாக இது உறுதியான விளக்கம். எனினும் அலையும் ஓதமும் இல்லாத அமைதியான கடலை இது கற்பனை செய்துகொண்டது.

அலை, ஓதம், பள்ளத்தாக்கு

அந்தக் குறையை நிரப்பிய கட்டுரைகளுள் வில்லியம் கலோவே 1975இல் எழுதியது இன்றும் பாடநூல்களை ஆள்கிறது. ஆறு, அலை, ஓதம் என்ற மூன்று விசைகளை ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் வைத்து, உலகின் கழிமுகங்களை அதற்குள் அமர்த்தினார். ஆறு ஓங்கினால் மிசிசிப்பி போல விரல்விரலாகக் கடலுக்குள் நீளும். அலை ஓங்கினால் பிரேசிலின் சாவோ பிரான்சிஸ்கோ போலக் கரை மழுங்கி, கரைக்கு இணையான மணல்வரப்புகள் வரிசையாக எழும். ஓதம் ஓங்கினால் கங்கைமுகத்தின் சுந்தரவனம் போல நீர்க்கால்கள் குறுக்கும் நெடுக்கும் கிழிக்கும்.

காவிரிக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீற்றரிலும் குறைவு. அலையோ வாடைக் காலத்தில் கடுமையானது. ஆகவே அது பெரும்பாலும் அலையால் செதுக்கப்பட்ட கழிமுகமாகவே கருதப்படுகிறது. வேதாரணியத்தைச் சுற்றிக் கிடக்கும் பழைய மணல்வரப்புகள் இந்தக் கருத்துக்கு நல்ல ஆதாரம். ஆனால் ஒரே கழிமுகத்தின் வடபகுதியில் கொள்ளிட வாயருகே பிச்சாவரத்துச் சதுப்புக்காடும், தென்பகுதியில் முத்துப்பேட்டை நீரேரியும் இருக்கின்றன. ஒரே முக்கோணப் புள்ளிக்குள் இவ்வளவு வேறுபாட்டையும் அடக்குவது கடினம். கலோவேயின் முறை ஒரு கழிமுகத்தின் இன்றைய முகத்தை வகைப்படுத்துகிறது. அது எப்படி அந்த முகத்தை அடைந்தது என்பதைச் சொல்வதில்லை.

முக்கோணத்துக்கு வெளியே இன்னொரு காரணியும் நிற்கிறது. கொங்கோ ஆறு உலகின் இரண்டாவது பெரிய நீர்வரத்து உடையது. அதன் வாய்க்குள்ளேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால் மண் நேரே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது, கழிமுகம் எழவில்லை. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலிக்கும் இதில் ஒற்றுமை உண்டு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் அது திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் சேர்கிறது. குடாவுக்குள்ளேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கின் தலை நுழைந்திருக்கிறது. மூதூர்ப் பக்கத்தில் ஆற்றுச் சமவெளி இருந்தாலும், காவிரிக்கு நிகரான கழிமுகம் அங்கே கடலுக்குள் முன்னேறாததற்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு முக்கிய காரணமாக இருக்கலாம்.

கடல் நின்ற பிறகு

இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் இடத்தைப் பற்றியவை. 1994இல் டானியல் ஸ்டான்லியும் அன்ட்ரூ வோர்னும் காலத்தைப் பற்றி ஒரு விடை தந்தார்கள். உலகின் பல பகுதிகளிலுள்ள கழிமுகங்களின் அடிமண்ணைக் காலக்கணிப்புச் செய்தபோது, அவற்றில் மிகப் பல இற்றைக்கு 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு இடைப்பட்ட ஒரே காலத்தில் வளரத் தொடங்கியிருந்தன. கடைசிப் பனியுகம் முடிந்து வேகமாக ஏறிவந்த கடல் அப்போதுதான் தணிந்தது. கடல் விரைந்து ஏறும்போது ஆறு எவ்வளவு மண் கொட்டினாலும் வாய் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றம் தணிந்தபின்தான் ஆறு முந்த முடிந்தது.

பாக்கு நீரிணைக்கு இந்தக் கருத்து மிக முக்கியமானது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும் பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. ஆகவே அன்று அது கடலல்ல, பரந்த வெளி. பருத்தித்துறையும் கோடிக்கரையும் ஒரே நிலத்தின் இரண்டு இடங்கள். தமிழகத்து ஆறுகளும் வன்னியின் ஆறுகளும் அந்த வெளியைக் கடந்தே தொலைவிலிருந்த கடலை அடைந்திருக்க வேண்டும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் உறவு மேலும் நெருங்குகிறது. காவிரிப் படுகை என்று புவியியலாளர் அழைக்கும் ஆழமான அடையற் பள்ளம் கொண்ட்வானாக் கண்டம் பிளந்தபோது தோன்றியது. அது தமிழகக் கரையோடு நிற்காமல் நீரிணைக்கு அடியால் இலங்கையின் வடபகுதி வரை நீள்கிறது. நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் அதே படுகையைத் தேடித்தான் 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் துளைக்கப்பட்டன. வடக்கே கடலில் துளைத்த கிணறு ஒன்றுக்குப் பெட்ரோ என்றே பெயர். குடாநாட்டின் சுண்ணக்கல் இந்தப் படுகையின் விளிம்பில், மயோசீன் காலத்து ஆழமற்ற கடலில் படிந்தது. 1923இல் வேய்லண்டும் டேவிஸும் இந்தச் சுண்ணக்கல்லின் புதைபடிவங்களை விரிவாக எழுதினார்கள். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள் உடனே இறங்கிவிடுகிறது. கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் தோன்றியதும், மேற்பரப்பில் ஆறு தோன்றாததும் இந்த ஒரே காரணத்தால்.

அம்பன் மணல் எங்கிருந்து வந்தது?

கழிமுகக் கோட்பாடுகள் எல்லாம் சோதனைக்கு வரும் இடம் வடமராட்சி கிழக்கு. அம்பனுக்கும் வல்லிபுரத்துக்கும் இடையில் கிடப்பது கண்ணாடி செய்யத்தக்க வெண்மணல். இலங்கையின் அறியப்பட்ட சிலிக்கா மணல் படிவுகளில் நாத்தாண்டியா, மாதம்பைக்கு அடுத்தபடி பேசப்படுவது இதுவே. சிலிக்கா என்பது குவார்ட்சு. குவார்ட்சு பிறப்பது கருங்கல் போன்ற பழம்பாறையில். சுண்ணக்கல்லால் ஆன குடாநாட்டில் அந்தப் பாறை மேற்பரப்பில் எங்கும் இல்லை. அருகிலுள்ள பவளமும் சிப்பியும் நொறுங்கினால் சுண்ண மணல் வருமே தவிர, குவார்ட்சு வராது. எனவே ஏதோ ஓர் ஆறு, எங்கோ ஓரிடத்தில், எப்போதோ இந்த மணலைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறது. எந்த ஆறு?

ஒரு கருத்து தெற்கைக் காட்டுகிறது. வன்னியின் பழம்பாறைகளை அரித்துவரும் ஆறுகள் முல்லைத்தீவுக் கரையிலும் அதற்குத் தெற்கிலும் கடலில் சேர்கின்றன. சோளகக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலைவீக்கம் மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளக்கூடும். அந்தக் கரையில் மணல் கரையோடு நகர்ந்து தரம் பிரிகிறது என்பதற்குப் புல்மோட்டையின் இல்மனைற்றுக் கருமணலே சாட்சி. இந்தக் கருத்தின் பலவீனம் வாடைக் காலத்தில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் அலை மிகக் கடுமையாக எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஆண்டு முடிவில் எந்தத் திசை வெல்கிறது என்பது கரைக்குக் கரை மாறும். பருத்தித்துறை முனையைச் சுற்றி அது ஒரே மாதிரி இருக்கும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது கருத்து வடக்கைப் பார்க்கிறது. சோழமண்டலக் கரையோடு வாடைக் காலத்தில் தெற்கே நகரும் மண் பாக்கு நீரிணைக்குள் நுழைகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்டது. காவிரி மண்ணின் ஒரு பங்கு குறுக்கே கடந்து குடாநாட்டை அடைந்திருக்குமா? நுண்மண் நீரில் மிதந்து கடந்திருக்கலாம். பருமணல் அறுபது கிலோமீற்றர் திறந்த நீரைக் கடப்பது மிகக் கடினம். கரையோரமாக உருண்டு நகர்வதே மணலின் இயல்பு. இங்கே தொடர்ந்த கரை இல்லை.

மூன்றாவது கருத்து இந்த இரண்டையும் வேறு விதமாக இணைக்கிறது, இதுவே அதிக நியாயமாகத் தோன்றுகிறது. கடல் தாழ்ந்திருந்த காலத்தில் இன்றைய கடலடியில் ஆறுகள் மணலைப் பரப்பி வைத்தன. கடல் ஏறியபோது அலை அந்த மணலை வாரிக் கரைப்பக்கம் தள்ளியது. ஏற்றம் நின்றதும் அது சுண்ணக்கல் முனையில் ஒரு நுனியை ஊன்றித் தென்கிழக்கே நீண்ட வரப்பாக உறைந்தது. உள்ளே அகப்பட்ட கடல் வடமராட்சி நீரேரியானது. வறண்ட மாதங்களின் காற்று மணலை அள்ளி மேடுகளாகக் குவித்தது. ஸ்டான்லியும் வோர்னும் கழிமுகங்களுக்குக் கண்ட அதே காலக்கட்டம் இங்கும் பொருந்தக்கூடும். அப்படியானால் ஆறில்லாத இந்தக் கரையும் ஆறுகள் கட்டிய நிலமே. கட்டிய ஆறுகளை மட்டும் கடல் மூடிவிட்டது.

இதற்கும் குறை உண்டு. கடலடி மணலுக்கும் மணற்காட்டு மணலுக்கும் ஒரே மூலம் என்று நிறுவினால்தான் கருத்து நிலைக்கும். மணலின் தூய்மையும் தெளிவான தடயமல்ல. நெடுங்காலம் மழைநீர் ஊறி இறங்குவதால் சுண்ணத் துகளும் இரும்பும் கரைந்துபோய், குவார்ட்சு மட்டும் மிஞ்சியிருக்கலாம். அப்படியானால் இன்றைய வெண்மை அது கிடந்த இடத்தில் பெற்றது, வந்த இடத்தைக் காட்டாது.

மணல்மேடுகள் உறைந்தவையுமல்ல. மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன. மேடுகள் நகராமலிருக்கச் சவுக்கு நடப்பட்டது. வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு, கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே அங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகிறது. ஆகவே இந்த நிலப்பட்டியின் வடமுனையாவது அதற்கு முன்பே உறுதியாகி இருந்திருக்க வேண்டும்.

கோடிக்கரையின் நானூறு ஆண்டுகள்

எதிர்க்கரையில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. 1998இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம். இராமசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் வேதாரணியத்து மணல்வரப்புகளைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தி, அங்கே நிலம் மிக வேகமாகக் கடலுக்குள் வளர்ந்துவருவதாக எழுதினார்கள். இதே போக்கு நீடித்தால் ஏறத்தாழ 400 ஆண்டுகளில் வேதாரணியம் யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் இணைந்துவிடும் என்பது அவர்களின் மதிப்பீடு.

வரப்புகளின் வயதும் வரிசையும் மதிப்புள்ள தரவுகள். நிலம் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. சிக்கல் அந்தக் கணிப்பை முன்னோக்கி நீட்டுவதில். லையெல் பின்னோக்கிச் செய்ததை இது முன்னோக்கிச் செய்கிறது: வரவு மாறாது, கடல் அசையாது என்று கொள்கிறது. கரையோரத்து ஆழமற்ற நீரை நிரப்புவதும் நீரிணையின் நடுவை நிரப்புவதும் ஒரே அளவு மண் கேட்கும் வேலைகளல்ல. நடுவே ஓடும் நீரோட்டம் ஒடுங்க ஒடுங்க வேகம் பெறும். படிந்ததை அது வாரிச் செல்லவும் கூடும்.

அதே கழிமுகத்தின் வடக்கே கடல் நிலத்தைத் தின்றிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் எச்சங்கள் பூம்புகார்க் கரையிலும் கடலுக்குள்ளும் கிடைத்துள்ளன. தரங்கம்பாடியில் 1306இல் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும் பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. வடக்கே அரிபட்டது தெற்கே வளர்வதற்கு உணவாகிறதா? அப்படியானால் கோடிக்கரையின் வளர்ச்சியை ஆற்றின் கொடையாக மட்டும் எண்ண முடியாது. கழிமுகம் தன் உடலை ஓரிடத்தில் கரைத்து இன்னோரிடத்தில் சேர்க்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அணைகளுக்குப் பின்

கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணையும், 1836இல் ஆர்தர் கொட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் காவிரி நீரைப் பங்கிட்டன. 1930களின் தொடக்கத்தில் கிருஷ்ணராஜ சாகரும் 1934இல் மேட்டூரும் வந்தபோது பங்கிடப்பட்டது நீர் மட்டுமல்ல. மண் மேலேயே நின்றுவிட்டது. உலக அளவில் இதை ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் சகாக்களும் 2005இல் அளந்தார்கள். காடழிப்பும் உழவும் ஆறுகளில் மண்ணைக் கூட்டியிருக்கின்றன. ஆனால் அணைகள் அதைவிட அதிகமாகத் தடுத்துவிடுவதால் கடலை அடையும் மண் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி தொன் குறைந்துள்ளது. 2009இல் அவர்கள் 33 கழிமுகங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை அமிழ்ந்துவருவதாக எச்சரித்தார்கள்.

அதற்கு எதிராகத் தோன்றும் முடிவு 2020இல் வந்தது. யாப் நீன்ஹௌஸ் குழுவினர் ஏறத்தாழ 11,000 கழிமுகங்களைச் செய்மதிப் படங்களில் பார்த்து, முப்பது ஆண்டுகளில் உலகக் கழிமுக நிலம் ஆண்டுக்குச் சுமார் 54 சதுர கிலோமீற்றர் கூடியிருப்பதாகக் கண்டார்கள். அந்த வளர்ச்சியில் கால்வாசிக்குக் காரணம் காடழிப்பால் கூடிய மண். இரண்டு முடிவுகளும் உண்மையில் மோதவில்லை. ஒன்று நிலத்தின் உயரத்தைப் பார்த்தது, மற்றது பரப்பை. பரப்பில் கூடும் ஒரு கழிமுகம் உயரத்தில் அமிழ்ந்துகொண்டும் இருக்கலாம். காவிரி போன்ற, அணைகள் நிறைந்த ஆறுகளுக்கு இந்த உலகக் கூட்டுத்தொகை எந்த ஆறுதலையும் தருவதில்லை.

நீரிணையின் இந்தப் பக்கம், வடமராட்சி கிழக்கில், மண்ணை மறிக்கும் ஆற்றணை இல்லை, ஆனால் மண்வெட்டியும் உழவு இயந்திரப் பெட்டியும் உண்டு. மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் பகுதிகளில் கட்டடங்களுக்காக மணல் அள்ளப்படுவது நெடுநாள் குறையாக இருந்துவருகிறது. மேலே சொன்ன மூன்றாவது கருத்து சரியாக இருந்தால் இந்தக் குறையின் கனம் கூடுகிறது. பழைய கடலடியிலிருந்து ஒருமுறை வந்த மணலை ஈடுசெய்ய எந்த ஆறும் வரப்போவதில்லை. அந்த மேடுகளின் அடியில்தான் கடல்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர் தங்குகிறது. மேடு தாழ்ந்தால் கிணறு உவர்க்கும். இதை மணல் எங்கிருந்து வந்தது என்ற ஆய்வு முடியும்வரை தள்ளிவைக்கத் தேவையில்லை.

திறந்திருப்பவை

ஆற்றுவாயில் மண் எப்படிப் படிகிறது, அலையும் ஓதமும் அதை எப்படி வடிவமைக்கின்றன, கடலேற்றம் தணிந்தபின் கழிமுகங்கள் ஏன் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன என்பவற்றில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒவ்வொரு கரையிலும் இந்தக் காரணிகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் உடன்பாடு இல்லை.

பாக்கு நீரிணையில் மூன்று கேள்விகள் தீர்க்கப்படக்கூடியவை. மணற்காட்டு மேடுகள் கடைசியாக எப்போது வெயில் கண்டன என்பதைக் குவார்ட்சு மணியில் சேர்ந்த ஒளிச்சுவட்டால் கணிக்க முடியும். அது வரப்பு உறைந்த காலத்தைச் சொல்லும். மணலில் கலந்த சேர்க்கோன் மணிகளின் வயதை வன்னிப் பாறைகளோடும் காவிரி மணலோடும் ஒப்பிட்டால் மூலம் தெரியவரும். இரு கரைகளின் பாறைகளும் கொண்ட்வானாவில் அடுத்தடுத்துக் கிடந்தவை என்பதால் அந்த ஒப்பீடு எளிதாக இராது; கன கனிமங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது, மேட்டூருக்குப் பிந்திய தொண்ணூறு ஆண்டுகளில் கோடிக்கரையின் வளர்ச்சி தளர்ந்ததா என்பது. பழைய கடற்படங்களின் ஆழ அளவைகளை இன்றைய அளவைகளோடு ஒப்பிட்டால் அதற்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் நீரிணையின் நடுவே கடல் எல்லைக்கோடு ஓடுகிறது. இரு பக்கத்து அளவைகளும் ஒரே வரைபடத்தில் சேரும்வரை நானூறு ஆண்டுக் கணக்கை ஏற்கவோ தள்ளவோ போதிய ஆதாரம் இல்லை.